தலை திரும்பாத குழந்தையும் முகம் திருப்பிக்கொண்ட அரசும்

மகப்பேறு மருத்துவத்தில் மறுபேச்சுக்கு இடமளிக்காத வாக்கியங்கள் சில உண்டு. "குழந்தை தலை திரும்பவில்லை" என்பது அவற்றுள் முதன்மையானது. தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லப்படுவதைக் கொல்கத்தாவில் 'பாச்சா உல்ட்டோ' என்கிறார்கள். டோலிகஞ்சில் வீட்டுவேலை செய்யும் பெண்ணானாலும், சால்ட் லேக்கில் கணினி நிறுவனத்தில் பணிபுரியும் பெண்ணானாலும், அந்தச் சொற்களைக் கேட்டபின் அவரது குடும்பத்திடம் எஞ்சுவது ஒரே கேள்விதான்: எவ்வளவு கட்ட வேண்டும்? வேறு வழி உண்டா, இந்த அறுவை அடுத்த பேற்றை என்ன செய்யும், பிறக்கும் குழந்தைக்கு எந்த வாரத்தில் கத்தி வைத்தால் தீங்கு குறைவு என்னும் கேள்விகள் எழுவதற்கு முன்பே படிவத்தில் கையொப்பம் வாங்கப்பட்டுவிடுகிறது.

தலைக்குப் பதிலாகப் பிட்டமோ காலோ முன்வரும்படி குழந்தை கருப்பையில் அமர்ந்திருப்பது அரிய விந்தை அன்று. 28ஆம் வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தை, சில கணக்குகளில் நான்கில் ஒரு குழந்தை, இப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. பேறுகாலம் நிறையும்போது திரும்பாமல் எஞ்சுபவை நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு. இந்த எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு அரசின் புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டும்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மேற்கு வங்கத் தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிரசவங்களில் 82.7 சதவீதம் சிசேரியன். அதே மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் இது 22.9 சதவீதம். முந்தைய ஆய்வில் (2015–16) தனியார் விகிதம் 70.9 ஆக இருந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தலை திரும்பாமல் இருக்கலாம். எண்பத்து மூன்று தாய்மார்களின் வயிறு கிழிக்கப்படுவது எதனால்? சிக்கலான பேறுகள் தனியாரிடம் அதிகம் வருகின்றன என்ற வழக்கமான பதிலைச் சொல்வோர், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஈடன் மகப்பேற்று மருத்துவமனை வாசலிலோ எஸ்.எஸ்.கே.எம். வாசலிலோ ஓர் இரவு நிற்கட்டும். இரத்தப்போக்கு நிற்காத பெண்ணையும் வலிப்பு கண்ட பெண்ணையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு ஓடுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். சிக்கல் முற்றியவுடன் நர்சிங் ஹோம் கைவிரிக்கிறது. அரசு மருத்துவமனை ஏற்றுக்கொள்கிறது. ஒரே நிலப்பரப்பில் வாழும் ஒரே மக்களின் கருப்பை, கட்டடம் மாறியவுடன் மூன்றரை மடங்குக்கு மேல் அறுவையைக் கோருகிறதென்றால், காரணத்தைக் கருப்பையில் தேடிப் பயனில்லை. கல்லாப்பெட்டியில் தேட வேண்டும்.

தமிழகத் தோழர்கள் இதைப் பக்கத்து வீட்டுச் செய்தியாக வாசித்துவிடக் கூடாது. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்த சிசேரியன் விகிதம் 44.9, மேற்கு வங்கத்தின் 32.6ஐ விட அதிகம். இங்கே தனியார் 63.8, அரசு 36.0.

ஓர் ஆய்வு செய்த வேலை

தலை திரும்பாத குழந்தைக்கு அறுவையே ஒரே வழி என்ற முடிவு எங்கிருந்து வந்தது? 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 26 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 2,088 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டது அது. திட்டமிட்ட அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளில் இறப்பு அல்லது கடும் பாதிப்பு 1.6 சதவீதம், இயல்புப் பேற்றுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 5 சதவீதம். வேறுபாடு பெரியது. உலகெங்கும் மருத்துவர்கள் ஒரே நாளில் கையைக் கழுவிவிட்டுக் கத்தியை எடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. நெதர்லாந்தில் இத்தகைய பேறுகளில் அறுவை விகிதம் ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு உயர இரண்டே மாதங்கள் போதுமாயிருந்தன.

பின்னர் வந்த செய்திகளுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் பங்கேற்ற பெண்களின் குழந்தைகளை இரண்டு வயதில் மீண்டும் பரிசோதித்தபோது, இறப்பிலோ மூளை வளர்ச்சிக் குறைபாட்டிலோ இரு பிரிவினருக்கும் இடையில் வேறுபாடு தென்படவில்லை. 2006இல் பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் 174 மருத்துவமனைகளில் 8,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: தகுதியான பேறுகளைக் கவனமாகத் தேர்ந்து, பயிற்சி பெற்றவர்கள் பார்த்தால், இயல்புப் பேற்றில் பாதிப்பு 1.60 சதவீதம், அறுவையில் 1.45. பிரிட்டனின் மகப்பேற்று மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 39 வாரங்களுக்குப் பின் அறுவை செய்தால் ஆயிரத்துக்கு 0.5 குழந்தை இறப்பு என்றும், திட்டமிட்ட இயல்புப் பேற்றில் ஆயிரத்துக்கு 2 என்றும், தலை திரும்பிய சாதாரணப் பேற்றில் ஆயிரத்துக்கு 1 என்றும் கணக்குத் தருகிறது. ஆக, அறுவை குழந்தைக்குச் சற்றே கூடுதல் பாதுகாப்பு தருகிறது என்பது உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையை யார், எப்போது, எங்கே செலுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பெண்ணின் ஒப்புதல் ஒப்புதலாகும். நெதர்லாந்தில் 2000–2002 காலத்தில் இந்தக் காரணத்துக்காகவே செய்யப்பட்ட திட்டமிட்ட அறுவைகளில் நான்கு தாய்மார்கள் இறந்தனர். மருத்துவ வசதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டின் கணக்கு இது.

இன்னொரு வழியும் உண்டு. 36, 37ஆம் வாரத்தில் வயிற்றின் மேலிருந்து கைகளால் மெல்ல அழுத்திக் குழந்தையைத் தலைகீழாகத் திருப்புவது. கருப்பையைத் தளர்த்த ஒரு மருந்து, ஸ்கேன் கருவி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்கும் ஏற்பாடு, அவசரமென்றால் திறக்கத் தயாராக ஓர் அறுவை அரங்கு. இவை இருந்தால் இரண்டில் ஒரு குழந்தை திரும்பிவிடுகிறது. முயற்சியின் விளைவாக உடனடி அறுவை தேவைப்படுவது இருநூறில் ஒருவருக்கு. பிரிட்டனில் தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் இது முன்வைக்கப்பட வேண்டும் என்பது விதி. கொல்கத்தா நர்சிங் ஹோம்களின் கட்டணப் பலகையில் இதற்கு ஒரு வரி உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அறுவையைத் தவிர்க்கும் அரைமணி நேர உழைப்புக்குச் சந்தையில் மதிப்பில்லை.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்துவிட்டது. தலை திரும்பாத குழந்தையைக் கையால் பிறப்பிக்கும் திறமை ஒரு தலைமுறை மருத்துவர்களிடமிருந்தே நழுவிப் போயிற்று. பயிற்சி மருத்துவர் அத்தகைய பேற்றைக் கண்ணால் பார்த்திராதபோது, "எனக்குப் பழக்கமில்லை, அறுவைதான் பாதுகாப்பு" என்று அவர் சொல்வது பொய்யில்லை. அறுவையின் வெற்றியே அறுவைக்கு மாற்றாக இருந்த கைத்திறனை அழித்துவிட்டது. தறி இயந்திரம் நெசவாளியின் விரல்களுக்குச் செய்ததை நினைவில் கொள்வோருக்கு இந்த வரலாறு புதிதாகத் தோன்றாது.

தழும்பு யார் கணக்கில்?

முதல் பேற்றோடு மருத்துவமனையின் கணக்கு முடிந்துவிடுகிறது. பெண்ணின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. கருப்பைச் சுவரில் தைக்கப்பட்ட தழும்பு அடுத்த கருவுறுதலில் மீண்டும் பேசும். நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மீது வந்து பதியலாம். சுவருக்குள் வேர்விட்டு ஊடுருவலாம். அப்படி ஊடுருவிய நஞ்சுக்கொடி பேற்றுக்குப் பின் பிரியாது. பிரிக்க முயன்றால் இரத்தம் ஆறாக ஓடும். பல வேளைகளில் கருப்பையையே அகற்றித்தான் உயிரைக் காக்க முடியும்.

அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்று இதை எண்களில் வைத்தது. முதல் சிசேரியனில் இந்த ஊடுருவல் 0.24 சதவீதம், இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57, நான்காவதில் 2.13. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தபடி கீழே அமைந்துவிட்ட பெண்களில் நிலைமை வேறு: முதல் அறுவையின்போது 3 சதவீதமாக இருப்பது இரண்டாவதில் 11 ஆகவும் மூன்றாவதில் 40 ஆகவும் ஏறுகிறது.

"இப்போது யார் நான்கு பிள்ளை பெறுகிறார்கள்? இரண்டோடு முடித்துக்கொள்கிறார்கள், அந்த அபாயம் ஏட்டுச் சுரைக்காய்" என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. மேற்கு வங்கத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.6 என்பது மெய்தான். ஆனால் அதே மாநிலத்தில் 20–24 வயதுப் பெண்களில் 41.6 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். 15–19 வயதுச் சிறுமிகளில் 16.4 சதவீதத்தினர் ஏற்கெனவே தாய்மார்கள் அல்லது கருவுற்றிருப்பவர்கள். பதினெட்டு வயதில் தழும்பைச் சுமந்தவருக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டு கருவுறும் காலம் மிச்சமிருக்கிறது. கருச்சிதைவும் கருக்கலைப்பும் பிள்ளைக் கணக்கில் வருவதில்லை. தழும்பு அவற்றையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. கரு தழும்பிலேயே பதிந்துவிடுவதும் நிகழ்கிறது. 'ஆண் குழந்தை வேண்டும்' என்னும் வற்புறுத்தல் மூன்றாம் முறை கருவுறச் செய்யும் வீடுகள் சுந்தரவனத்திலும் உண்டு, சேலத்திலும் உண்டு.

தலை திரும்பாத முதல் குழந்தைக்காக அறுவை செய்துகொண்ட பெண்களில், அடுத்த குழந்தையும் அதே நிலையில் அமைவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரின் குழந்தை தலை திரும்பியே இருக்கும். அவர்களில் தகுதியானவர்கள் இயல்புப் பேற்றுக்கு முயன்றால் நால்வரில் மூவருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரியும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு. அந்த ஒருவரைக் காக்க, எந்நேரமும் திறந்திருக்கும் அறுவை அரங்கும் மயக்க மருந்து நிபுணரும் இரத்த வங்கியும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் முயல்வது குற்றம். ஆகவே நர்சிங் ஹோம் முயல்வதில்லை. மாவட்ட மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை. ஆகவே அங்கும் முயல்வதில்லை. முதல் அறுவையிலிருந்து இரண்டாவது அறுவை தானாகப் பிறக்கிறது. 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதியது அவசியமற்ற முதல் அறுவையைச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே. எச்சரிக்கையின் முற்பாதியை மறந்துவிட்டுப் பிற்பாதியை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொண்டது நூற்றாண்டுக் கால வணிக மருத்துவம்.

இதன் அரசியல் பொருளாதாரம் எளியது. முதல் அறுவையின் வருமானம் தனியாருக்கு. ஐந்தாண்டு கழித்து இரத்தம் கொட்டும்போது பன்னிரண்டு யூனிட் இரத்தமும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் அரசு மருத்துவமனையின் தலையில். இலாபம் தனியார்மயம், ஆபத்து பொதுமயம். வங்கி வாராக்கடனில் நடப்பதேதான் கருப்பையிலும் நடக்கிறது.

பிறந்த குழந்தையின் மூச்சு

குழந்தையின் நலனுக்காகத்தானே அறுவை என்று சொல்பவர்களுக்கு நாள்காட்டியைக் காட்ட வேண்டியிருக்கிறது. பேற்றுவலி தொடங்குமுன் அறுவை செய்யப்பட்ட குழந்தையின் நுரையீரலில் நீர் முழுமையாக வற்றியிராது. டென்மார்க்கில் 34,000க்கு மேற்பட்ட பேறுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வின்படி, 37ஆம் வாரத்தில் திட்டமிட்டு அறுத்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்று மூச்சுத்திணறலுக்கு உள்ளாயிற்று. இயல்பாகப் பிறக்கவிருந்தவற்றில் 2.8 சதவீதம். 38ஆம் வாரத்தில் 5.1க்கு 1.7. 39ஆம் வாரத்தில் 2.1க்கு 1.1. இரண்டு வாரப் பொறுமை, மூச்சுத்திணறலை ஐந்தில் ஒன்றாகக் குறைக்கிறது. இந்தப் பொறுமையைத்தான் சந்தையில் காண முடியவில்லை. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துச் சோதிடர் குறித்த நேரத்துக்குக் கத்தியை எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருத்துவரின் விடுமுறையும் கிரகங்களின் நகர்வும் வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகின்றன.

தலை திரும்பாதிருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு பொருந்தாமல் போகும் வாய்ப்பும் சற்று அதிகம். அறுவையில் பிறந்தாலும் அது மாறாது. ஆறாவது வாரத்தில் இடுப்பை ஸ்கேன் செய்து பார்த்தால் வார் கட்டியே சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கியபின் கண்டால் அறுவை வேண்டியிருக்கும். குழந்தைக்காகவே அறுத்ததாகச் சொல்லும் எத்தனை நிறுவனங்கள் வெளியேற்றச் சீட்டில் அந்த ஒரு வரியை எழுதித் தருகின்றன?

மேற்கு வங்கத்தின் பிரசவகால இறப்பு விகிதம் 2018–20இல் ஓர் இலட்சம் பேறுகளுக்கு 103. அகில இந்திய அளவு 97, தமிழ்நாடு 54, கேரளம் 19. இந்த இறப்புகளுக்குக் குழந்தைத் திருமணமும் இரத்தச்சோகையும் உட்படக் காரணங்கள் பல. ஆனால் ஒன்று தெளிவு: நூற்றுக்கு எண்பத்து மூன்று என்ற வேகத்தில் சுழலும் கத்தி, மாநிலத்தின் தாய்மார்களுக்கு அகில இந்தியச் சராசரிப் பாதுகாப்பைக்கூட வாங்கித் தரவில்லை.

மேதினிபூரில் நடந்தது

அறுவை என்பது கத்தி மட்டுமன்று. குழாயில் இறங்கும் திரவமும் அதற்குள் அடக்கம். 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு மேதினிபூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிசேரியன் செய்யப்பட்ட ஐந்து பெண்கள் கடுமையாக நோயுற்றனர். ஜனவரி 10ஆம் தேதி ஒருவர் இறந்தார். மூவர் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாட்களில், நோயுற்ற ஐவருள் ஒருவரின் பச்சிளங் குழந்தையும் உயிரிழந்தது. நரம்பில் செலுத்தப்பட்ட ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல்மீது சந்தேகம் விழுந்தது. அதைத் தயாரித்தது பஸ்சிம் பங்க பார்மசூட்டிகல்ஸ் என்ற தனியார் நிறுவனம்.

அதிர்ச்சி தரும் பகுதி இதற்குப் பின்தான் வருகிறது. இதற்கு இரண்டு மாதம் முன்பே, 2024 நவம்பரில், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்ட மருத்துவமனையில் சிசேரியன் செய்யப்பட்ட தாய்மார்களில் ஐந்து பேர் பின்னர் இறந்தனர். அதே நிறுவனத்தின் அதே கரைசல்மீது கர்நாடக அரசு புகார் எழுப்பியது. டிசம்பரில் மேற்கு வங்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்நிறுவனத்தின் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. உற்பத்தியை நிறுத்தச் சொன்ன அரசு, மருத்துவமனை அலமாரிகளில் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்த பாட்டில்களைத் திரும்பப் பெறவில்லை. ஜனவரியில் அவை தாய்மார்களின் நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தன.

மம்தா பானர்ஜி அரசின் எதிர்வினை என்ன? ஜனவரி 16ஆம் தேதி பன்னிரண்டு மருத்துவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் ஆறு பேர் பயிற்சி மருத்துவர்கள். மூத்த மருத்துவர்கள் பணியில் இல்லாத இரவில் பயிற்சியாளர்கள் அறுவை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மூத்தவர்கள் இல்லாதது கடுங்குற்றமே. அதை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரவுப் பணியில் மூத்த மருத்துவர் இருக்கிறாரா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு? மருந்து கொள்முதல் செய்தது யார்? முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டபின் தெருவில் இறங்கிய இளம் மருத்துவர்களின் கோரிக்கைகளில், சுகாதாரத் துறையின் ஊழலை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. ஐந்து மாதங்களுக்குப் பின் அந்த ஊழலின் விளைவு என்று சந்தேகிக்கப்படும் நிகழ்வுக்கு அதே பயிற்சி மருத்துவர்களே தண்டிக்கப்பட்டனர். எதிர்ப்பின் அழுத்தத்தில் பிப்ரவரியில் அவர்களின் இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது தனிக்கதை.

ஓர் ஒப்பீடு இங்கு அவசியம். அறுவை செய்யப்பட்ட பெண்ணுக்குச் செலுத்தும் திரவத்தைத் தரமாகத் தயாரிப்பது இந்த மண்ணுக்கு அந்நியமான கலையா? ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய் 1892இல் கொல்கத்தாவில் தொடங்கிய நிறுவனமே பெங்கால் கெமிக்கல்ஸ். 1980இல் அது நாட்டுடைமையாயிற்று. அந்தப் பொதுத்துறை மருந்து நிறுவனத்தை விற்றுவிடலாம் என்று 2016 டிசம்பரில் முடிவெடுத்தது மோடி அரசின் அமைச்சரவை. ஐ.டி.பி.எல். நிறுவனத்துக்கு மூடுவிழா. பொதுத்துறை மருந்துத் தொழிலை மத்திய அரசு பட்டினி போடுகிறது. மாநில அரசு ஏலத்தில் மலிவாக வந்த பாட்டிலை வாங்குகிறது. டெல்லியும் நபன்னாவும் மேடையில் மோதிக்கொள்கின்றன. தாய்மார்களின் நரம்பில் அவர்களின் கொள்கைகள் கைகோத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் மையமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே மருந்தை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. குறைகளற்றது என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் அத்தகைய ஏற்பாடு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான தூரம் என்ன என்பதை மேதினிபூர் காட்டிவிட்டது.

இரு பக்கத்துப் பிழைகள்

'வலி தாங்காத இந்தக் காலத்துப் பெண்கள் தாங்களே சிசேரியன் கேட்கிறார்கள்' என்ற பேச்சு நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் மட்டுமன்றி, சில வேளைகளில் இயக்கத்தின் ஓரங்களிலும் கேட்கிறது. வலி குறைக்கும் மருந்து கிடையாது. கணவனோ தாயோ உடனிருக்க அனுமதி கிடையாது. கட்டிலுக்கு இருவர் படுக்கும் நிலை. வலியில் கத்தினால் அவமதிப்பு. இவற்றைப் பார்த்த பெண் அறுவையைக் கேட்டால், அவர் நிராகரிப்பது பேற்றையன்று, அவமானத்தையே.

எதிர்ப்புறத்தில் 'இயற்கைப் பேறு' என்ற பெயரில் பாட்டி காலத்துப் பொற்காலத்தைப் பாடும் கூட்டம் ஒன்று வளர்ந்து வருகிறது. அதற்குக் காவிச் சாயம் பூசுவோரும் உளர். பாட்டி காலத்தில் தலை திரும்பாத குழந்தையின் தலை சிக்கிக்கொண்டபோது என்ன நடந்தது என்பதை அவர்கள் பாடுவதில்லை. அறுவை உயிர்காக்கும் கருவி. அது கிடைக்காமல் இறந்த பெண்களின் வரலாறு உழைக்கும் வர்க்கத்தின் சொந்த வரலாறு. 1979இல் தல்லி ராஜ்ஹராவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கத் துணைத்தலைவர் குசும் பாய், பேற்றின்போது மருத்துவ உதவி கிடைக்காமல் இறந்தார். அந்தச் சாவின் முன் நின்ற தொழிலாளர்கள் தங்களுக்கென மருத்துவமனை கட்ட உறுதியேற்றார்கள். 1977 துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த தோழர்களின் நினைவில் 1983 ஜூன் 3 அன்று ஷஹீத் மருத்துவமனை திறக்கப்பட்டது. சங்கர் குஹா நியோகியின் தலைமையில், சுரங்கத் தொழிலாளர்களின் உழைப்பிலும் சந்தாவிலும் எழுந்த கட்டடம் அது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்ற புண்யவ்ரத குண் போன்ற இளம் மருத்துவர்கள் அங்கே சென்று பணியாற்றினர். பின்னர் அவர் வங்கத்துக்குத் திரும்பி, ஹவுராவின் செங்காயிலில், கனோரியா சணல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின் மண்ணில், 1995இல் தொழிலாளர்–விவசாயிகள் நட்புறவு சுகாதார மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தேவையான மருந்தை மட்டும் எழுதுவது, தேவையற்ற சோதனையையும் அறுவையையும் மறுப்பது, நோயாளிக்கு ஏன் என்று விளக்குவது என்பவை அங்கே வளர்ந்த மருத்துவ ஒழுக்கம்.

அரசால் முடியாது என்பதும் பொய். புருலியா மாவட்ட மருத்துவமனையில் 2003இல் இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், மருத்துவர் அருண் சிங்கின் முன்முயற்சியில் பச்சிளங் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்துப் பச்சிளங் குழந்தை உதவியாளர்களாக்கியது அதன் உயிர்நாடி. மாநிலத்தின் மிகப் பின்தங்கிய மாவட்டம் ஒன்றில் பிறந்த அந்த மாதிரியை நாடே பின்பற்றியது. அதே ஆட்சிக் காலத்தில்தான் கிழக்குப் பெருநகரப் புறவழிச்சாலையோரம் தனியார் மருத்துவமனைகள் வரிசைகட்டி எழுந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விமர்சனம் முழுமை பெறாது. புருலியாவின் பாதையும் புறவழிச்சாலையும் ஒரே வரைபடத்தில் இருந்தன. பின்வந்த ஆட்சி இரண்டாவதை மட்டும் அகலப்படுத்தியது.

2016 இறுதியில் தொடங்கப்பட்ட ஸ்வாஸ்த்ய சாத்தி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கட்டணக் கொள்ளையைக் கட்டுப்படுத்துவதாக 2017இல் சட்டமும் ஒழுங்குமுறை ஆணையமும் வந்தன. அதன்பின் எடுக்கப்பட்ட ஆய்வில்தான் 70.9 என்பது 82.7 ஆகியிருக்கிறது. எந்தக் காப்பீட்டு அட்டையும் ஒரு செயல்முறைக்குப் பணம் தரும். பத்து மணி நேரம் பெண்ணின் அருகில் அமர்ந்து காத்திருக்கும் செவிலிக்குத் தராது. மறுபுறம், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் உறுதியளித்த 6,000 ரூபாயை, 2017இல் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கினார் பிரதமர். வயிற்றில் தையலோடு பத்தாம் நாள் பாத்திரம் தேய்க்கப் போகும் வீட்டுவேலைத் தொழிலாளிக்கு 26 வார மகப்பேற்று விடுப்புச் சட்டம் பொருந்தாது.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த ராப்சன் பகுப்பு முறை, பேறுகளைப் பத்துக் குழுக்களாகப் பிரிக்கிறது. தலை திரும்பாத குழந்தைகள் ஆறு, ஏழாம் குழுக்களில். முன்பு சிசேரியன் ஆன பெண்கள் ஐந்தாம் குழுவில். இன்றைய ஆறாம் குழுதான் நாளைய ஐந்தாம் குழு. ஒவ்வொரு மருத்துவமனையும் இந்தப் பட்டியலை மாதந்தோறும் வெளியிட்டால், யார் யாரை எதற்காக அறுக்கிறார்கள் என்பது மூடுமந்திரமாக இராது. 2017இல் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் இயல்புப் பேறு, சிசேரியன் விகிதத்தை வரவேற்பிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அரசு ஊழியருக்கு உள்ள அந்த உரிமை பீடி சுற்றும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் குழந்தையைக் கையால் திருப்பும் சேவை, இரவிலும் பணியிலிருக்கும் மயக்க மருந்து நிபுணர், நிரந்தரப் பணியில் பயிற்சி பெற்ற பேற்றுச் செவிலியர் என்பவை நிதிநிலை அறிக்கையில் தலைப்புப் பெற வேண்டியவை. இவற்றோடு செலவே இல்லாத ஒன்றும் உண்டு. சிசேரியன் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும், அறுவை ஏன் செய்யப்பட்டது, கருப்பையில் எந்தத் திசையில் வெட்டு, அடுத்த பேற்றில் இயல்புப் பேற்றுக்கு முயலலாமா, நஞ்சுக்கொடியின் இடத்தை எந்த வாரத்தில் ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்பதை அவர் படிக்கும் மொழியில், வங்காளியில், இந்தியில், தமிழில் எழுதிய ஒரு தாள் இருக்க வேண்டும். மாதர் அமைப்பும் ஆஷா தொழிலாளர் சங்கங்களும் சால்ட் லேக்கின் ஸ்வாஸ்த்ய பவன் வாசலுக்கு எடுத்துச் செல்லும் கோரிக்கைப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது அந்த ஒரு தாள்.